விற்றமின் குளிசைகள்: யாரைக் கேட்டு உண்பது?

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் வேண்டியபொழுது, பழைய ஆசிரியர்களின் அருமையையும் விளையாட்டுத் திடலின் வெற்றிகளையும் எழுதுதற்குத் தக்கார் பலர் உளராதலின், நாம் வீட்டுக் கவலை ஒன்றினை எழுதத் துணிந்தோம். இது சிறு பொருள்போல் தோன்றலாம். ஆயினும் கொழும்புத்துறையில் இன்று முதியோர் வாழும் வீடு எதனுள் நுழைந்தாலும் கண்ணிற் படுவது இப்பொருளேயாம்.

சுவரோரத்து மேசையிலோ, குளிர்ப்பெட்டியின் தலையிலோ, நாலைந்து குப்பிகள் வரிசையாக நிற்கும். ஒன்று ரொறன்ரோவிலிருந்து மகன் அனுப்பியது. மற்றொன்று இலண்டனிலிருந்து மகள் கொண்டுவந்தது. பிறிதொன்று சிட்னியிலிருந்து யாரோ உறவினர் வரும்போது கைப்பையிற் கிடந்தது. எலும்புக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, பொதுவிற் பலத்துக்கு ஒன்று. அருகில் இருந்து பணிவிடை செய்ய இயலாத பிள்ளைகள் தம் அன்பைக் குப்பியில் அடைத்து அனுப்புகின்றனர். அனுப்புவோருட் பலர் எமது பழைய மாணவர்கள். ஆதலின் இக்கட்டுரை அவர்களையும் முன்னிறுத்தியே எழுதப்படுகின்றது.

நாம் நன்கு அறிந்த ஓர் ஆசிரியர், ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயதினர். கணிதம் கற்பித்தவர், அவரிடம் தசமமும் பின்னமும் கற்றவர்கள் இன்று பல நாடுகளிற் பொறியியலாளராய் உளர். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் அவருக்கு விற்றமின் டி குளிசைக் குப்பி ஒன்றினைக் கொடுத்துச் சென்றார். அக்குளிசை வாரத்துக்கு ஒன்று உண்ணவேண்டியது. அது குப்பியின் பின்புறத்தில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற ஆங்கில எழுத்தில் இருந்தது. ஆசிரியருக்குக் கண்ணிற் புரை. வீட்டில் உதவி செய்பவர் காலையில் மற்றைக் குளிசைகளோடு இதனையும் நாள்தோறும் எடுத்து வைத்தார்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. குப்பியின் முகத்தில் '1250 மைக்கிரோகிராம்' எனப் பெரிதாக எழுதியிருந்தது. ஆசிரியர் அதனைப் படித்தார். மைக்கிரோ என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்பது அவர் அறியாததன்று. 'ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சற்றே அதிகம். இதனால் என்ன வந்துவிடும்?' என்று எண்ணினாராம். கணக்குச் சரியே. ஆயின் விற்றமின் டி அளவில் 40 சர்வதேச அலகு ஒரு மைக்கிரோகிராம் ஆகும். எனவே 1250 மைக்கிரோகிராம் என்பது 50,000 அலகு. எழுபது வயது கடந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டுவது 800 அலகு. வைத்தியர் மேற்பார்வையின்றி எவரும் நாள்தோறும் கடக்கலாகாத எல்லை 4000 அலகு. இவர் இரண்டு மாதத்துக்கு மேல் அவ்வெல்லையின் பன்னிரண்டு மடங்கிற்கும் அதிகமாக உண்டு வந்தார்.

முதலிற் பசி குறைந்தது. பின்பு மலச்சிக்கல், தாகம், இரவிற் பலமுறை சிறுநீர். 'சலரோகம் முற்றுகின்றது' என்றனர் அயலார். பின்னர்ப் பேச்சுத் தடுமாறியது. பேரனின் பெயரை மறந்தார். 'வயது போய்விட்டது' என்று வீட்டார் தேற்றிக்கொண்டனர். இவை அனைத்தும் இரத்தத்திற் கல்சியம் மிகுந்ததன் குறிகளே. விற்றமின் டி குடலிலிருந்து கல்சியத்தை உறிஞ்சச் செய்வது. அளவு மீறினால் எலும்பிலிருந்தும் அதனை இழுத்து இரத்தத்திற் சேர்க்கும். சேர்ந்ததை வெளியேற்றும் முயற்சியிற் சிறுநீரகம் நோகும். வைத்தியசாலையில் இளம் வைத்தியர் ஒருவர், 'ஐயா வேறு என்னென்ன குளிசை எடுக்கிறவர்? எல்லாக் குப்பியையும் கொண்டுவாருங்கள்' என்று கேட்டிராவிடின் நோயின் மூலம் புலப்பட்டிராது. குளிசையை நிறுத்தி, நாளத்தின் வழியே திரவம் ஏற்றினர். ஆயினும் இவ்விற்றமின் கொழுப்பிற் படிந்து தங்குவதாதலின், கல்சியம் தன் நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் சென்றன. அறிவுத் தெளிவு மீண்டது. சிறுநீரகம் முன்போல் முழுமையாக மீளவில்லை.

இதனைப் படித்து, விற்றமின் யாவும் வீண் என முடிவு செய்வாரும் உளராகலாம். அது தவறு. விற்றமினின் வரலாறு மருத்துவத்தின் பெருமைகளுள் ஒன்று. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜக்கார்த்தாவில், ஒல்லாந்த வைத்தியரான எயிக்மன் 1890களிற் கோழிகளைக் கொண்டு கண்டது யாதெனில், தீட்டிய வெள்ளரிசி மட்டும் தின்ற கோழிக்குக் கால் வழங்காத நோய் வந்தது. தவிடு நீங்காத அரிசி கொடுக்க அது நீங்கியது என்பதாம். அதற்காக 1929 இல் அவருக்கு நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 'விற்றமின்' என்ற சொல்லை 1912 இல் வழங்கியவர் கசிமிர் பங்க் என்னும் போலந்து அறிஞர். பம்பாயில் ஆலைத் தொழில் செய்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகை நோயை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில வைத்தியப் பெருமாட்டி, எங்கள் வீடுகளிற் பாணுக்குப் பூசும் மாமைற் அந்நோயை நீக்குவதை 1931 இல் வெளியிட்டார். அதனுள் மறைந்திருந்த பொருளே பின்னர்ப் போலிக்கமிலம் எனப் பெயர் பெற்றது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லப்பிரகட சுப்பராவ் தலைமையில் அமெரிக்காவில் உழைத்த குழு 1940களின் நடுவில் அதனை ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டியது. கருவுறுமுன்னரே போலிக்கமிலம் உண்ணத் தொடங்கினால், குழந்தையின் முள்ளந்தண்டுக் குறைபாட்டைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதை 1991 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது.

குறையை நிரப்பும் பொருள் நிறைந்த இடத்திலும் நன்மை செய்யும் என்று எண்ணியதே பிழை. பின்லாந்தில் 29,133 ஆண்கள், யாவரும் புகைப்பவர்கள், ஓர் ஆய்விற் சேர்க்கப்பட்டனர். காய்கறியில் உள்ள பீற்றா கரோற்றின் புற்றுநோயைத் தடுக்கும் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆதலின் சிலருக்கு நாள்தோறும் அதனைக் குளிசையாகக் கொடுத்தனர். 1994 இல் முடிவு வெளிவந்தது: குளிசை உண்டோரிடத்து நுரையீரற் புற்று 18 வீதம் அதிகம்! அதனையொத்த அமெரிக்க ஆய்வொன்றும் இதே காரணத்தால் 1996 இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. கரற் கிழங்கை உண்பதும் அதன் நிறப்பொருளைப் பிரித்துக் குளிசையாக்கி உண்பதும் ஒன்றல்ல என்பது அன்று தெரியவந்தது.

விற்றமின்களுள் ஏ, டி, ஈ, கே என்பன கொழுப்பிற் கரைவன. உடலிற் சேர்ந்து தங்குவன. விற்றமின் ஏ நாளொன்றுக்கு 3000 மைக்கிரோகிராமுக்கு மேற் செல்லலாகாது; மிகுந்தால் ஈரலைத் தாக்கும்; கர்ப்பிணிக்கு மிகுந்தால் கருவின் உறுப்பமைப்பைக் கெடுக்கும். நீரிற் கரையும் பீ தொகுதியும் சீயும் மிகுந்தவை சிறுநீரிற் போய்விடும் என்று பலரும் கூறுவர். பெரும்பாலும் உண்மையே, முற்றிலும் அன்று. 'நரம்புக் குளிசை' என்று எம்மவர் விரும்பி உண்பதில் உள்ள பீ6 நெடுங்காலம் மிகுதியாக உண்ணப்பட்டால் நரம்பையே கெடுத்து, காலில் விறைப்பை உண்டாக்கும். நரம்பு விறைப்புக்கு உண்ட குளிசையே விறைப்புக்குக் காரணமாவதும், அது கண்டு மேலும் ஒரு குளிசை கூட்டுவதும் நடப்பனவே. அமெரிக்கர் இதற்கு வகுத்த எல்லை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம்; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனமோ 2023 இல் அதனை 12 மில்லிகிராம் எனக் குறைத்து விதித்தது. அறிஞரிடையேயும் எல்லை வேறுபடுவதை மறைக்க வேண்டுவதில்லை. வேறுபடும் இடத்திற் சிறிய எண்ணைப் பற்றிக்கொள்வதே எமது கருத்து.

இனி, ஒன்றோடொன்று கொள்ளும் உறவு. தனித்தனி நல்லவராய் இருப்போர் ஒரு வீட்டிற் கூடியதும் பிணங்குவதுபோல, கனியுப்புக்களும் பிணங்கும். நாகச்சத்து நாளொன்றுக்கு 40 மில்லிகிராமைக் கடந்து பல மாதம் சென்றால், செம்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாது. அதனாற் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். 2020 இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் நாகக் குளிசை வாங்கத் தொடங்கியோர் சிலர் இன்னும் நிறுத்தவில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிடவேண்டும். கல்சியமும் இரும்பும் ஒரே வேளையில் உண்டால் இரும்பு குறைவாகவே சேரும். இரும்புக் குளிசையைத் தேநீருடன் விழுங்குவதும் அவ்வாறே. தேசிக்காய்ச் சாறு அதற்கு நேர்மாறாக உதவும். தைரொயிட்டுக் குளிசை எடுப்போர் கல்சியம், இரும்பு என்பவற்றை அதிலிருந்து நான்கு மணிநேரமாவது தள்ளி எடுத்தல்வேண்டும். அன்றேல் தைரொயிட்டுக் குளிசை வீணாகும். 'வாபரின்' என்னும் இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்போர்க்கு விற்றமின் கேயின் அளவு மாறுவதே ஆபத்து. தலைமயிர் வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோற்றின் மிகுந்தால் உடலைக் கெடுக்காவிடினும், தைரொயிட்டு, மாரடைப்பு முதலியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையைப் பொய்யாக்கும் என அமெரிக்க மருந்து நிருவாகம் 2017 இல் எச்சரித்தது.

இவற்றுள் எமது சமூகத்துக்கு மிக நெருங்கியது ஒன்றுண்டு. விற்றமின் பீ12 மரக்கறியில் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, பால் என்பவற்றிலேயே உண்டு. சைவ உணவே கொள்ளும் முதியோர், பாலையும் குறைத்துக்கொண்டோர், நீண்ட காலம் சலரோகத்துக்கு 'மெற்போமின்' உண்போர் ஆகியோர்க்கு இச்சத்துக் குறைதல் இயல்பு. குறைந்தாற் சோகை, கால் எரிவு, நடைத் தள்ளாட்டம், மறதி ஆகியன வரும். இந்நிலையிற் போலிக்கமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால் சோகை தீர்ந்ததுபோற் காட்டும். நரம்புக் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். எனவே மரக்கறி உண்ணும் தாய் தந்தையர்க்கு எதையேனும் அனுப்பித்தான் ஆகவேண்டும் என்று துடிக்கும் பிள்ளைகள், முதலில் அவர்களது இரத்தத்திற் பீ12 அளவைச் சோதிப்பிக்க வேண்டும். குப்பி வாங்கும் பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போதும். குறை உண்டெனில் வைத்தியர் தரும் குளிசையோ ஊசியோ உண்மையான பயன் தரும்.

சோகை என்றதும் இரும்பு வாங்கும் வழக்கமும் நன்றன்று. தலசீமியா என்னும் பரம்பரைக் குறையிலும் முகம் வெளிறும். அவர்க்கு இரும்பு நஞ்சாகலாம். வயது முதிர்ந்தவர்க்கு இரும்பு குறைந்தாற் குடலில் எங்கேனும் இரத்தம் கசிகின்றதா என்று பார்ப்பதே முதல் வேலை. குளிசை கொடுத்துச் சோகையை மறைப்பது நோயை மறைப்பதாகும். இன்னொன்று: இரும்புக் குளிசைகள் இனிப்புப் பூசி நிறம் தீட்டப்பட்டவை, பேரப்பிள்ளைகள் கைப்பிடியளவு விழுங்கினால் உயிருக்கே மோசம். அவ்வாறு நேர்ந்தால் வாந்தி வருமட்டும் காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் குப்பியோடு கொண்டுசெல்க. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் உண்டு. வைத்தியர்கள் அதனோடு தொடர்புகொண்டு அளவுக்கேற்ற வழியை அறிவர்.

எமது ஊர் உணவைப் பற்றிச் சிறிது சொல்லாமற் போக மனம் வரவில்லை. முருங்கையிலை வறையும், குரக்கன் பிட்டும், பாசையூர்ச் சந்தையின் நெத்தலியும், எள்ளுருண்டையும் கல்சியமும் இரும்பும் உடையன. குடாநாட்டு நிலத்தடி நீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறுவது. கேத்தலின் அடியிற் படியும் வெண்படையே அதற்குச் சான்று. அக்கிணற்று நீரைப் பருகுவோர் கல்சியத்தில் ஒரு பங்கை நீரிலேயே பெறுகின்றனர் என்பதைக் குளிசை அளக்கும்போது எவரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. சித்த வைத்தியரிடம் அயச்செந்தூரம் பெறுவோரும் அதனை இரும்பென்றே எண்ணி, மற்றை வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

அப்படியாயின் யாரைக் கேட்பது? கேட்கப்படுபவர் அக்குளிசையை விற்பவரா, விற்பதாற் பங்கு பெறுபவரா என்பதே முதலில் அறியவேண்டியது. விற்பவர் யாவரும் பொய்யர் அல்லர். ஆயினும் 'உமக்கு இது வேண்டாம்' என்று சொல்வதால் நட்டமடைபவரிடம் அச்சொல்லை எதிர்பார்த்தல் கடினம். கர்ப்பிணிகட்கும் சிறுவர்க்கும் உரிய அளவைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும், வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரும் அறிவர். இரும்பும் போலிக்கமிலமும் கல்சியமும் கர்ப்பிணிகட்கு அங்கேயே இலவசமாகக் கிடைப்பன. 1973 இல் தொடங்கிய திரிபோஷாவும் அவ்வழியே வருவது. அவற்றின்மேல் வெளிநாட்டுக் குளிசையையும் சேர்த்துண்பது இரட்டிப்பாகும். முதியோர்க்கு, அவர்கள் வழக்கமாகச் செல்லும் சிகிச்சை நிலைய வைத்தியரே தக்கார். அவரது கோவையிற்றான் மற்றை மருந்துகளும் சிறுநீரக நிலையும் உள. பதிவு பெற்ற மருந்தாளரும் மருந்துக்கு மருந்து உள்ள பிணக்கை நன்கு அறிந்தவர். அவரை நாம் போதியளவு பயன்படுத்துவதில்லை.

குப்பியின் மேலுள்ள எழுத்தை எவ்வளவு நம்பலாம்? எமது நாட்டில் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபை மருந்துகளைப் பதிவு செய்கின்றது. கைப்பையில் வந்த குப்பி அதன் கண்ணிற் பட்டதன்று. அமெரிக்காவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய சத்துக் குளிசைகளின் பயனையும் பாதுகாப்பையும் விற்குமுன் அரசிடம் நிறுவவேண்டுவதில்லை. அங்கு 2008 இல் ஒரு சத்துத் திரவத்திற் செலினியம் குறிப்பிட்ட அளவினும் ஏறக்குறைய 200 மடங்கு கலந்துவிட, 201 பேர் நோயுற்றனர். மயிர் உதிர்ந்தது, நகம் நிறம் மாறியது. சில குப்பிகளில் 'யூ.எஸ்.பி.' என்ற முத்திரை இருக்கும். அது, சொன்ன பொருள் சொன்ன அளவில் உள்ளே இருக்கின்றது என்பதற்கே சான்று. அது உமக்கு வேண்டும் என்பதற்குச் சான்றன்று.

தாமே படித்தறிய விரும்பும் மாணவர்கள், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் சத்துணவுக் குளிசை அலுவலகம் வெளியிடும் விளக்கத் தாள்களையும், கொக்ரேன் குழுவினரின் ஆய்வுத் தொகுப்புக்களையும் நாடலாம். ஒவ்வொரு சத்துக்கும் வேண்டும் அளவு, மேல் எல்லை, பிணங்கும் மருந்துகள் ஆகிய மூன்றும் அத்தாள்களில் உண்டு. மேல் எல்லையைச் சொல்லாது பயனை மட்டும் சொல்லும் எழுத்தை, அது கைப்பேசியில் எத்தனை பேர் அனுப்பினதாயினும், தள்ளிவிடுக.

இவை யாவும் ஆங்கிலத்தில் இருப்பதே எமது துன்பம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடாத்திய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், இத்துன்பத்தை அன்றே உணர்ந்தார். தமிழ் கற்று, தம் மாணவர்க்கு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் முதலிய நூல்களை நாலாயிரம் பக்கத்துக்கு மேலாகத் தமிழில் ஆக்கி, 1873 இல் நாடு திரும்பினார். நோயாளியின் மொழியில் மருந்து பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் சென்று ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்பும், எமது முதியோரின் தலைமாட்டில் நிற்கும் குப்பிகள் அவர்களோடு தமிழிற் பேசுவதில்லை.

எனவே வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்களை நாம் வேண்டுவது இது. அனுப்புமுன் பெற்றோரின் வைத்தியரை ஒருமுறை கேளுங்கள். தொலைபேசி எல்லார் கையிலும் உண்டு. அவர் இசைந்தபின் அனுப்புவதாயின், குப்பியின்மேல் ஒரு தாளை ஒட்டி, தடித்த எழுத்தில், தமிழில், என்ன சத்து, எத்தனை அலகு, நாளுக்கு ஒன்றா வாரத்துக்கு ஒன்றா, எந்தத் திகதியில் நிறுத்துவது என்று எழுதுங்கள். அலகிலும் மைக்கிரோகிராமிலும் இரண்டிலும் எழுதுங்கள். பல்சத்துக் குளிசை ஒன்று இருக்கும் வீட்டுக்கு அதனுள் அடங்கிய சத்தையே தனிக் குப்பியாக அனுப்பாதீர்கள். ஊரில் உள்ள இளைஞர்களும், சிகிச்சை நிலையத்துக்கு அப்புவையோ ஆச்சியையோ அழைத்துச் செல்லும் நாளில், வீட்டிலுள்ள எல்லாக் குப்பிகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லலாம். 'சத்துக் குளிசைதானே, மருந்தில்லையே' என்று வீட்டில் விட்டுச் செல்லும் குப்பியே பெரும்பாலும் வைத்தியர் காணவேண்டிய குப்பி.

எமது ஆசிரியர் இப்பொழுது நலமாயிருக்கின்றார். கண்ணிற் புரை நீக்கப்பட்டது. வைத்தியர் அவருக்கு விட்டுவைத்தது இரண்டு: மரக்கறி உணவினராதலாற் பீ12, மற்றையது தைரொயிட்டுக் குளிசை. எஞ்சிய ஐந்து குப்பிகளையும் வைத்தியசாலை மருந்தாளரிடமே ஒப்படைத்துவிட்டனர். சென்ற மாதம் நாம் அவரைக் காணச் சென்றபோது, அந்தப் பழைய குப்பியின் முகப்புத் தாளை மட்டும் உரித்துக் கொப்பியொன்றில் ஒட்டி வைத்திருந்ததைக் காட்டினார். அதன் கீழே, அலகையும் மைக்கிரோகிராமையும் மாற்றும் கணக்கு ஒன்றைத் தம் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். மாலையில் வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகட்கு அதனைப் பயிற்சியாகக் கொடுப்பதாகச் சொன்னார்.